ஒளிவிடும் கல்லும் நம் நம்பிக்கையும்



தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுள், தம் முன்னோருள் ஒருவராவது கோலார் தங்கவயலுக்குப் பிழைக்கச் சென்றவர் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் பல உண்டு. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் கட்டுச்சோற்று மூட்டையுடன் புறப்பட்டுப் போனவர்கள் அவர்கள். கன்னட நாட்டு மண்ணில் நூறாண்டுக்கு மேலாகத் தமிழ் முழங்கும் அவ்வூரில் எமக்கு நேர்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியை முன்வைத்து, இருளில் ஒளிவிடும் கற்களைப் பற்றியும் அவற்றைச் சூழ்ந்துள்ள நம்பிக்கைகளைப் பற்றியும் இன்று சிறிது பேச விரும்புகிறோம்.

மாரிகுப்பம் இரயில் நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில், ‘லைன்’ என்று அவ்வூரார் வழங்கும் தொழிலாளர் வரிசை வீடுகள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் எம் உறவினர் ஒருவரின் மாமனார் வாழ்கிறார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சுரங்கத்தின் ஆழத்தில் வேலை செய்தவர். பத்தடி நடந்தால் நின்று மூச்சு வாங்க வேண்டிய நிலையில் இப்போது இருக்கிறார். நாம் அவரைக் காணச் சென்றிருந்தபோது, சுவாமி மாடத்திலிருந்து ஒரு வெண்ணிறக் கல்லை எடுத்துவரச் சொன்னார். கதவைச் சாத்தி, சன்னலில் போர்வையை மாட்டி, கைவிளக்கு ஒன்றை அதன்மேல் காட்டினார். விளக்கின் ஒளி மங்கிய ஊதா நிறமாகவே இருந்தது. கல்லோ தணல்போல் செந்நிறத்தில் ஒளிர்ந்தது! எமக்கு மெய் சிலிர்த்தது என்பதை மறைப்பதற்கில்லை.

அந்தக் கல்லையும் விளக்கையும் அவர் மகன் ஒரு கண்காட்சியில் விலை கொடுத்து வாங்கி வந்திருக்கிறார். பூமியின் உயிர்ச்சக்தி அதில் குடிகொண்டிருக்கிறது என்றும், இரவில் மார்பின்மேல் வைத்துப் படுத்தால் மூச்சுத் திணறல் தணியும் என்றும் விற்றவர் சொன்னாராம். அத்துடன் ஆங்கிலத்தில் அச்சிட்ட தாள் ஒன்றையும் கொடுத்திருந்தார்.

“தம்பி, நீங்கள் மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கிறீர்களே, இந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் சொல்லுங்கள். இரண்டு மாதமாக இதை வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். ஆஸ்பத்திரிக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன்” என்றார் பெரியவர்.

நேயர்களே, அரசாங்க ஆணைகளையும் சட்ட வாசகங்களையும் தமிழாக்கியே நாட்களைக் கழிப்பவர் நாம். எனினும் அந்த ஒரு பக்கத் தாளைப்போல் எம்மைத் திணறவைத்த வாசகம் வேறில்லை. அத்தாளில் ‘ஆற்றல்’ என்னும் பொருளுடைய சொல் திரும்பத் திரும்ப வந்தது. ‘அதிர்வு’ என்னும் சொல்லும் வந்தது. எத்தனை ஆற்றல், அது எங்கிருந்து வருகிறது, உடலில் எதனை மாற்றுகிறது என்று கேட்டால் தாளில் விடை இல்லை. ஆகவே தாளை ஒருபுறம் வைத்துவிட்டு, கல்லின் ஒளியைப் பற்றியே எமக்குத் தெரிந்தவற்றை அவரிடம் சொல்லத் தொடங்கினோம். அவற்றைத்தான் உங்களுக்கும் சொல்கிறோம்.

கல் எப்படி ஒளிர்கிறது? இதற்கு விடை நம் ஒவ்வொருவர் வீட்டு உத்தரத்திலும் பல்லாண்டுகள் தொங்கிய குழல் விளக்கில் இருக்கிறது. அக்குழலுக்குள் இருக்கும் பாதரச ஆவியில் மின்சாரம் பாயும்போது, கண்ணுக்குப் புலனாகாத புற ஊதாக் கதிர்கள் தோன்றுகின்றன. குழலின் உட்புறத்தில் பூசப்பட்டுள்ள வெண்பொடி அக்கதிர்களை உட்கொண்டு, கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றி வெளியே விடுகிறது. ஒளிரும் கல்லின் செயலும் இதுவே. அது கொண்டது புற ஊதா. கொடுப்பது நம் கண் காணும் நிறம். பெறும்போது இருந்த ஆற்றலில் ஒரு பகுதி கல்லிலேயே வெப்பமாகத் தங்கிவிடுவதால், வெளிவரும் ஒளி சற்று வலிமை குறைந்ததாகவே இருக்கும். இவ்விதியை 1852ஆம் ஆண்டில் விளக்கியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் என்னும் அறிஞர். புளோர்ஸ்பார் என்னும் கனியத்தின் பெயரைக் கொண்டே இந்நிகழ்ச்சிக்கு ‘புளோரசென்ஸ்’ என்று அவர் பெயரிட்டார்.

தமிழில் இதனை உடனொளிர்தல் என்கிறோம். விளக்கை அணைத்தவுடன் இவ்வொளியும் அணைந்துவிடும். விளக்கை அணைத்த பின்னும் சிறிது நேரம் நீடிக்கும் ஒளியை நின்றொளிர்தல் என்கிறோம். குழந்தைகளின் அறையில் இரவெல்லாம் பச்சையாய் மினுங்கும் பொம்மைகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. தமிழ்ச் சொற்கள் இரண்டும் பொருளைத் தெளிவாகவே உணர்த்துகின்றன: ஒன்று உடனிருந்தால் ஒளிர்வது, மற்றொன்று சற்றே நின்று ஒளிர்வது. இரண்டுமே கடன் வாங்கிய ஒளிதான். வெளியிலிருந்து ஒன்றும் பெறாமல் தானாகவே சுரக்கும் ஒளி அக்கற்களில் இல்லை.

இத்தன்மை கற்களுக்கு மட்டுமே உரியதன்று. மஞ்சளைச் சாராயத்தில் கரைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டினால் பசுமை கலந்த பொன்னிறத்தில் ஒளிரும். கொல்லைப்புறத்துத் தேளின் மீது காட்டினால் அது பச்சை நிறமாய் ஒளிரும். மலேரியாக் காய்ச்சலுக்குக் கொடுத்த கொயினாக் கரைசல் நீலமாய் ஒளிரும். கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வங்கிகள் நம்பியிருப்பதும் நோட்டில் பதித்துள்ள ஒளிரும் இழைகளையே. ஒளிர்வதெல்லாம் தெய்வத்தன்மை உடையதென்றால், தேளையும் நாம் மாடத்தில் வைக்க வேண்டியிருக்கும்!

எனினும் நம் முன்னோர் ஒளிக்கற்களைப் போற்றியதை வெறும் பேதைமை என்று ஒதுக்கிவிடுவது முறையாகாது. மாணிக்கத்தை எடுத்துக்கொள்வோம். நல்ல மாணிக்கத்தைப் பாலில் இட்டால் பால் சிவந்து தோன்றும் என்பது நெடுங்கால நம்பிக்கை. அதில் உயர்வு நவிற்சி உண்டு. ஆனால் உண்மையின் ஒரு துளியும் உண்டு. மாணிக்கம் என்பது குருந்தக்கல்லின் ஒரு வகை. ஆங்கிலத்தில் அக்கனியத்துக்கு வழங்கும் ‘கொரண்டம்’ என்னும் பெயரே நம் ‘குருந்தம்’ என்னும் சொல்லிலிருந்து போனதுதான். அதில் மிகச் சிறிதளவு கலந்துள்ள குரோமியம், கதிரவன் ஒளியிலுள்ள புற ஊதாவையும் நீலத்தையும் பச்சையையும் உட்கொண்டு செவ்வொளியாக வெளியே விடுகிறது. பர்மாவிலிருந்து வந்த சிறந்த மாணிக்கம் வெயிலில் உள்ளிருந்து எரிவதுபோல் தோன்றுவது இதனால்தான். இரும்புச் சத்து மிகுந்த கற்களில் இவ்வொளி அவிந்துவிடுகிறது. கருவி ஏதும் இன்றி, வெறும் கண்ணாலேயே நம் மணிநூலோர் இவ்வேறுபாட்டை உணர்ந்திருந்தனர் என்றால் அது பாராட்டத்தக்கதே.

ஆனால் இங்கே ஒரு வேடிக்கையையும் சொல்ல வேண்டும். 1902ஆம் ஆண்டில் வெர்னூயி என்னும் பிரெஞ்சு அறிஞர் மாணிக்கத்தைச் செயற்கையாக வளர்க்கும் முறையை வெளியிட்டார். இரும்பு கலவாத அச்செயற்கை மாணிக்கம், பெரும்பாலான இயற்கை மாணிக்கங்களைக் காட்டிலும் மிகுதியாக ஒளிர்கிறது! ஒளியின் மிகுதியே தெய்வ அருளின் அளவு என்று கொண்டால், உலைக்களத்தில் பிறந்த கல்லுக்கே முதல் மரியாதை செய்ய நேரும்.

நாகமணியைப் பற்றி அறியாத தமிழர் இல்லை. முதிர்ந்த நாகம் தன் தலையில் மணியைத் தாங்கி, இரவில் அதைக் கக்கி, அதன் ஒளியில் இரை தேடும் என்பது பாட்டிமார் சொன்ன கதை. 1890ஆம் ஆண்டில் ஹென்சோல்ட் என்பவர், இலங்கையில் அத்தகைய கல்லைத் தாம் கண்டதாக ‘ஹார்ப்பர்ஸ்’ என்னும் அமெரிக்கத் திங்களிதழில் எழுதினார். நாகம் அதன் ஒளியால் மின்மினிகளைக் கவர்ந்து உண்கிறது என்பது அவர் கூற்று. அக்கல் குளோரோபேன் என்னும் புளோர்ஸ்பார் வகை என்றும் அவர் எழுதினார். பாம்பைப் பற்றிய அவர் கதையை விலங்கியலார் ஏற்கவில்லை. எந்தப் பாம்பின் தலையிலும் மணி விளைவதில்லை. ஆயினும் குளோரோபேன் என்னும் கல் உண்மையானது. உள்ளங்கையின் வெதுவெதுப்பிலேயே பசுமையாய் ஒளிரக்கூடிய துண்டுகள் அதில் உண்டு. அப்படியொரு கல்லை இருளில் கையில் வைத்துப் பார்த்த எவருக்கும் நாகமணியின் நினைவு எழுந்திருந்தால் அதில் வியப்பில்லை.

நம் நாட்டில் மட்டும் இவ்வாறு நிகழவில்லை. இத்தாலி நாட்டுப் பொலோனா நகரில், பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், காசியரோலோ என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவர் இரசவாதத்தில் ஆசை கொண்டிருந்தார். மலையில் கிடைத்த கனமான கல் ஒன்றைக் கரியோடு சேர்த்து உலையில் சுட்டார். ஆறிய கல் பகலில் வெயிலை உண்டு இரவில் செந்நிறமாய் மினுங்கியது. ஞாயிற்றின் ஒளியையே சிறைப்பிடித்த கல் இது, இதனால் இரும்பைப் பொன்னாக்கலாம் என்று ஐரோப்பிய இரசவாதிகள் ஆரவாரித்தனர். பொன் வரவில்லை. ஆனால் ஒளியைப் பற்றிய ஆராய்ச்சி அங்கிருந்து வளர்ந்தது. ஆம், மூடநம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் தொடக்கம் ஒன்றே, அது வியப்பு. வியந்தபின் வினவுகிறோமா, வினவாமல் வணங்கி விலை கொடுக்கிறோமா என்பதில்தான் வழிகள் பிரிகின்றன.

வணக்கத்தை நாம் குறை கூறவில்லை. சிதம்பரத்தில் இரத்தினசபாபதியின் திருமேனிக்கு முன்னும் பின்னும் தீபம் காட்டும்போது, மாணிக்கத் திருவுருவம் செவ்வொளி வீசுவதைக் கண்டு கைகூப்பாத தமிழர் யார்? அங்கே தீபத்தின் ஒளி கல்லை ஊடுருவி வருகிறது. உடனொளிர்தலைத் தேடிப் போக வேண்டுவதில்லை. வணங்குபவருக்கு அந்த ஆராய்ச்சியும் தேவையில்லை. அழகும் பக்தியும் கலந்த அந்தக் கணம் யாருடைய மருந்தையும் நிறுத்தச் சொல்வதில்லை. நம் பெரியவரின் மார்பின்மேல் இருந்த கல்லோ அதைச் சொல்லியிருந்தது. வேறுபாடு அங்கேதான்.

இனிக் கோலார் தங்கவயலுக்கே திரும்புவோம்.

1873ஆம் ஆண்டில் லாவெல் என்பவர் அங்குச் சுரங்கம் தோண்ட மைசூர் அரசிடம் உரிமை கேட்டார். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் வந்தனர். 1902ஆம் ஆண்டில் சிவசமுத்திரத்து அருவியின் மின்சாரம் அங்கு எட்டியது. சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியசுக்கு மேல். மலையின் பாரம் தாங்காமல் பாறை திடீரென வெடித்துச் சிதறுவதும் உண்டு. அந்த இருட்டில்தான் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பொன்னெடுத்தனர். எண்ணூறு டன் அளவிலான தங்கம் அங்கிருந்து உலகிற்குச் சென்றது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தோன்றியது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன.

தங்கம் இருந்த அதே வெண்படிகக்கல் நாளங்களில் மற்றொரு கனியமும் இருந்தது. அதன் பெயர் ஷீலைட். 1781ஆம் ஆண்டில் அதனை ஆராய்ந்து புதிய அமிலம் ஒன்றைப் பிரித்த சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலேயின் நினைவாக வந்த பெயர் அது. கால்சியமும் டங்ஸ்டனும் ஆக்சிஜனும் கூடிய கனியம். சாதாரண வெளிச்சத்தில் அதற்கும் வெறும் வெண்கல்லுக்கும் வேறுபாடு காண்பது அரிது. தூக்கிப் பார்த்தால் சற்றுக் கனமாக இருக்கும், அவ்வளவே. ஆனால் குறுகிய அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் பட்டால், நிலவொளி உறைந்தாற்போல் வெண்ணீல நிறத்தில் ஒளிர்கிறது. மாலிப்டினம் கலந்திருந்தால் அந்த ஒளி மஞ்சளாக மாறும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டங்ஸ்டன் தேடிச் சென்றவர்கள், இரவில் புற ஊதா விளக்குடன் மலைச்சரிவுகளில் அலைந்தது இந்த ஒளியை நம்பியே.

இதைச் சொன்னபோது பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “எங்கள் சுரங்கத்திலா?” என்று கேட்டார். ஆம், அவர் சுரங்கத்தில்தான்! அவருடைய தலை விளக்கின் ஒளி மஞ்சளானது. அதில் புற ஊதா இல்லை. ஆகவே முப்பது ஆண்டுகள் அந்தக் கல் அவர் தோளை உரசியும், அவர் கால்களில் இடறியும், ஒருநாளும் தன் ஒளியைக் காட்டவில்லை. அரைத்துப் பொன்னெடுத்தபின் கொட்டிய கழிவு மண்ணோடு அது சயனைடு மேடுகளில் போய்ச் சேர்ந்தது. ஊரின் வானத்தை மறைத்து நிற்கும் அந்த மேடுகளில் டங்ஸ்டன் இருப்பதைக் கண்டறிந்து, அதைப் பிரித்தெடுக்கும் முயற்சிகளும் பின்னாளில் நடைபெற்றன.

டங்ஸ்டன் என்ன பெரிய பொருள் என்று கேட்கலாம். மின்விளக்கின் இழை அதனால் ஆனது. 3,422 டிகிரி செல்சியஸ் வரை உருகாத உலோகம் அது. ஷீலைட்டின் இயைபேயுடைய கால்சியம் டங்ஸ்டேட் என்னும் பொருளுக்கோ இன்னும் பெரிய கதை உண்டு. 1895ஆம் ஆண்டு நவம்பரில் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டதே, பேரியம் கலந்த உப்பு ஒன்றைப் பூசிய அட்டை இருட்டறையில் ஒளிர்ந்ததால்தான். அடுத்த ஆண்டில் தாமஸ் எடிசன் பற்பல பொருள்களைச் சோதித்து, எக்ஸ் கதிர் பட்டால் மிக நன்றாக ஒளிர்வது கால்சியம் டங்ஸ்டேட் என்று கண்டார். அதன்பின் ஏறத்தாழ முக்கால் நூற்றாண்டுக் காலம், உலகின் மருத்துவமனைகளில் எக்ஸ் கதிர்ப் படங்களைத் தெளிவாக்கிய திரைகளில் அதுவே பூசப்பட்டிருந்தது. நோயாளியின் உடலில் பாயும் கதிரின் அளவைக் குறைக்கவும் அத்திரைகள் உதவின.

நேயர்களே, இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். பாறையைத் துளைக்கும்போது எழும் நுண்ணிய சிலிக்காத் தூசு சுரங்கத் தொழிலாளியின் நுரையீரலில் படிந்து, அதை மெல்ல மெல்லத் தழும்பாக்கிவிடுகிறது. சிலிக்கோசிஸ் என்பது அந்நோயின் பெயர். 1940 முதல் 1946 வரை கோலார் தங்கவயலில் 7,653 தொழிலாளரைச் சோதித்ததில், 3,402 பேருக்கு அந்நோய் இருந்தது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்! இந்நோயை உறுதிசெய்வதற்கு முதல் துணை மார்பின் எக்ஸ் கதிர்ப் படமே. தோளை உரசியபோது ஒளிராத அந்தக் கல்லின் பொருளே, திரையில் பூசப்பட்டு ஒளிர்ந்து, தொழிலாளியின் நெஞ்சில் படிந்த தூசை உலகிற்குக் காட்டியது. ஒளிக்கல்லுக்கு ஓர் ஆற்றல் உண்டென்று யாரேனும் சொல்ல விரும்பினால், நாம் இதைத்தான் சொல்வோம். அது நோயைத் தீர்க்கவில்லை. நோயை மறைக்க முடியாதபடி செய்தது.

தங்கவயலின் ஆழத்தில் இன்னொரு ஒளிர்தலும் நிகழ்ந்தது. வானத்திலிருந்து ஓயாது பொழியும் அண்டக் கதிர்களால் காற்று மண்டலத்தில் நியூட்ரினோ என்னும் நுண்துகள்கள் பிறக்கின்றன. அவை பூமியையே ஊடுருவிச் செல்லக்கூடியவை. அகப்படுவது மிகமிக அரிது. மற்றத் துகள்களின் ஆரவாரம் அடங்கிய இடத்தில்தான் அவற்றைத் தேட முடியும். அதற்காக, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கில அறிஞரும் கூடிச் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். துகள் ஒன்று பாய்ந்தால் கணநேரம் ஒளிரும் பிளாஸ்டிக் பலகைகளே அக்கருவிகளின் உயிர்நாடி. 1965ஆம் ஆண்டில் காற்று மண்டல நியூட்ரினோக்களின் சுவடு அங்கே பதிவாயிற்று. உலகில் அதை முதலில் கண்ட இரு இடங்களும் தங்கச் சுரங்கங்கள். மற்றொன்று தென்னாப்பிரிக்காவில் இருந்தது. பாதாளத்தில் மாயமான ஒளி தோன்றியது என்று கதையாகச் சொன்னால் யாரும் நம்புவர். அது மெய்யாகவே தோன்றியது, எண்ணிக் கணக்கெழுதப்பட்டது. அதுவே அதன் பெருமை.

வினவும் இந்த மனப்பான்மை தங்கவயல் தமிழருக்குப் புதியதன்று. அயோத்திதாச பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கம் மாரிகுப்பத்தில் கிளை கொண்டிருந்தது. 1907ஆம் ஆண்டில் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைச் சுரங்கத் தொழிலாளர்கள் ஆர்வத்துடன் படித்தனர். அவர் மறைந்தபின், 1926ஆம் ஆண்டில் அப்பாதுரையார் அவ்வூரிலிருந்தே ‘தமிழன்’ இதழை மீண்டும் நடத்தினார். கேட்டதையெல்லாம் நம்பாதே, உன் அறிவால் ஆராய்ந்து கொள் என்னும் புத்தரின் போதனை, தூசு படிந்த அந்த வரிசை வீடுகளில் நாள்தோறும் பேசப்பட்ட காலம் உண்டு. பெங்களூரிலோ, நம் திருச்சிராப்பள்ளி தந்த சர் சி. வி. இராமன் 1948ஆம் ஆண்டில் நிறுவிய ஆராய்ச்சி நிலையத்தில், ஒளிரும் கனியங்களை இருட்டறையில் வைத்துக் காண்போரை மகிழ்வித்தார். கல்லின் அழகில் அவர் குழந்தைபோல் திளைத்தவர். திளைத்தார், உடனே ஏன் என்றும் கேட்டார்.

ஏன் என்று கேளாததால் நேர்ந்த தீங்குகளும் உலகில் உண்டு. ரேடியம் இருளில் ஒளிரும் வண்ணத்தை உண்டாக்கியபோது, அதில் உயிர்ச்சக்தி உள்ளதென்று கருதி, ரேடியம் கலந்த நீரை அமெரிக்காவில் மருந்தாக விற்றனர். ஈபன் பையர்ஸ் என்னும் செல்வர் அதைப் பருகிப் பருகி, எலும்புகள் சிதைந்து, 1932ஆம் ஆண்டில் உயிர் நீத்தார். கடிகார முகங்களில் அவ்வண்ணம் தீட்டிய இளம் பெண்கள் தூரிகையை உதட்டால் கூர்மையாக்கியதால் பட்ட துன்பம் சொல்லி முடியாது. அது பழங்கதை என்று எண்ண வேண்டாம். 2021ஆம் ஆண்டு டிசம்பரில், உடலுக்கு நன்மை தரும் ஆற்றல் உடையவை என்று விற்கப்பட்ட பதக்கங்கள், காப்புகள் முதலிய பத்துப் பொருள்கள் கதிரியக்கம் உடையவை என்று கண்டு, அவற்றை அணிய வேண்டாமென நெதர்லாந்து அரசின் அணுப் பாதுகாப்பு அமைப்பு எச்சரித்தது. ஒளிரும் கல்லெல்லாம் கதிரியக்கம் உடையது என்று நாம் சொல்லவில்லை. ஷீலைட்டும் கால்சைட்டும் கேடற்றவை. ஆனால் யுரேனியம் கலந்த சில கனியங்களும் அழகிய பச்சை ஒளி வீசுகின்றன. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. குறுகிய அலைநீளப் புற ஊதா விளக்கோ கண்ணையே புண்ணாக்கக் கூடியது. குழந்தைகள் கையில் அதைக் கொடுத்தல் ஆகாது.

இவற்றையெல்லாம் கேட்டபின் பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின் மெல்லச் சொன்னார்: “தம்பி, எங்கள் ஆயுசெல்லாம் கல்லுக்குக் கொடுத்தோம். ஒரு கல்லாவது எங்களுக்கு ஏதேனும் திருப்பிக் கொடுக்கக் கூடாதா என்றுதான் இதை நம்பினேன்.”

நேயர்களே, அந்தச் சொல்லுக்கு எம்மிடம் மறுமொழி இல்லை. விற்றவன் விற்றது கல்லை அன்று; அந்த ஏக்கத்தையே விலையாக்கினான். சுரங்கம் மூடி, வேலை போய், பிள்ளைகள் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூருக்குக் கூலி தேடிச் செல்லும் ஊரில், மூச்சுத் திணறும் முதியவருக்கு ஆறுதல் சொல்வோர் அரியர். அந்த வெற்றிடத்தில்தான் இத்தகைய வியாபாரம் நுழைகிறது. நம்பியவரை எள்ளி நகையாடுவதால் அது ஒழியாது.

அவர் கொடுத்த தாளை மறுபடி எடுத்துப் பார்த்தோம். கடைசி வரி மற்ற வரிகளைவிடச் சிறிய எழுத்தில் இருந்தது. அதை மட்டும் எழுத்துக்கு எழுத்து மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினோம்: “இது அலங்காரப் பொருள் மட்டுமே, எந்த நோயையும் தீர்க்கும் என்று நாங்கள் உறுதி கூறவில்லை.” பெரியவர் அதை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு, “இதை முதல் வரியாகப் போட்டிருக்கலாமே!” என்றார்.

“மாமா, கல் மாடத்திலேயே இருக்கட்டும், அழகான கல். நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்” என்றோம். மறுநாள் காலை அவருடன் சென்றோம். மார்புப் படம் எடுத்தனர். சளியும் சோதனைக்குப் போயிற்று. சிலிக்கோசிஸ் உள்ளவர்க்குக் காசநோய் எளிதில் தொற்றும் என்பதால் அச்சோதனை இன்றியமையாதது. நுரையீரலில் விழுந்த தழும்பை நீக்கும் மருந்து இல்லை. ஆனால் மூச்சை எளிதாக்கும் மருந்துகள் உண்டு. காசநோய்க்கு முழு மருந்தே உண்டு. இரண்டு மாதம் கல்லுக்குக் கொடுத்த காலம் திரும்பி வராது. இனி வரும் காலத்தையேனும் இழவாதிருக்கலாம்.

வெளி மாநிலங்களில் வாழும் நீங்கள், தங்கவயலிலோ கல்குவாரியிலோ உழைத்த பெரியவர் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அடுத்த முறை ஊருக்குச் செல்லும்போது ஒருமுறை அவர் மூச்சைக் கவனியுங்கள். மருத்துவரிடம் அழைத்துச் சென்று படம் எடுக்கச் செய்யுங்கள். அவர் வீட்டு மாடத்தில் ஒளிரும் கல் ஏதேனும் இருந்தால் அதைப் பிடுங்கி எறிய வேண்டாம். பேரப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து, கதவைச் சாத்தி, அந்த ஒளியைக் காட்டுங்கள். இந்த ஒளி கல்லுடையது அன்று, வாங்கித் திருப்பித் தருவது என்று சொல்லிக் கொடுங்கள். அதன் பக்கத்திலேயே, பாட்டனார் மூச்சுக்கு மருத்துவர் தந்த மருந்தும் நாள் தவறாமல் இருக்கட்டும்.